அரங்கேறுமுன் புகழேறிய குரல்கள்

சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையைப் பயின்றோர், இளங்கோவடிகள் எதற்கு எத்துணை இடம் ஒதுக்கினார் என்பதை அறிவர். மாதவி ஆடிய ஆட்டத்தினும் அதற்கு முன் நிகழ்ந்தனவே அக்காதையின் பெரும்பகுதியாகும். ஏழாண்டு பயின்று பன்னீராண்டில் அவள் அரங்கேறினாள். ஆடலாசான், இசையாசான், பாடலாசிரியன், முழவோன், குழலோன், யாழோன் என்போரின் தகுதிகளையும், அரங்கின் நீள அகல உயரங்களையும் முறையே கூறிய பின்னரே அவளை வலக்கால் முன்வைத்து ஏறச் செய்கின்றார் அடிகள். தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெண் கழஞ்சு பொன்னும் அதற்கும் பிற்பட்டவை.

இவ்வொழுங்கு தலைகீழாக மாறியதை இந்நூற்றாண்டு கண்டுள்ளது. 2005 ஆம் ஆண்டில் யூரியூப் தோன்றிய பின்னர், ஒருவர் தம் அறையில் இருந்தவாறே பாடி, அதனைப் படமாக்கி உலகின்முன் வைத்தல் எளிதாயிற்று. தேர்வாளர் முன்னிலையிற் சென்று நிற்க வேண்டுவதில்லை. கண்டோர் தொகையே தேர்வின் புள்ளியாயிற்று. இவ்வழியாற் பயிற்சி குறைந்த பாடகர் சிலர் சின்னாட்களில் நாடறிந்தவராயினர். அவருட் பலரின் புகழ் சில ஆண்டுகளுள் ஓய்ந்தது. திறமை போதாமையே காரணம் என்பர் ஒரு சாரார். மக்களின் இரசனை நிலையற்றது என்பர் மற்றொரு சாரார். இவ்விரு விடைகளும் மேலோட்டமானவை. மக்கள் அப்படங்களில் எதனைக் கேட்டனர் என்று வினாவினால் வேறொரு விடை புலப்படும்.

2019 ஆம் ஆண்டில் மேற்கு வங்காளத்து இராணாகாட் புகைவண்டி நிலையத்தில் இரானு மண்டல் என்னும் பெண்மணி பாடியதை இளைஞர் ஒருவர் கைப்பேசியிற் பதிந்து வெளியிட்டார். அப்பாடல் 1972 இல் வெளிவந்த ‘ஷோர்’ என்னும் இந்திப் படத்துக்காக, இலக்ஷ்மிகாந்த் - பியாரேலால் இசையில் லதா மங்கேஷ்கரும் முகேஷும் பாடியது. வறுமை தோய்ந்த தோற்றம், நிலையத்தின் இரைச்சல், அவற்றினிடையே லதாவை நினைவூட்டும் குரல்: காண்போர் மயங்கியதில் விந்தை இல்லை. குரலில் உண்மையான இனிமையும் இருந்தது. ஆயினும் முகங்காட்டாது அதே குரலை வானொலியில் ஒலிபரப்பியிருப்பின் அத்துணைப் பேர் நின்று கேட்டிருப்பரோ? லதாவின் சாயலிற் பாடும் பெண்டிர் இந்திய மெல்லிசைக் குழுக்களில் எண்ணிறந்தோர் உளர். கேட்போரை நிறுத்தியது “இவரிடத்திலா இக்குரல்!” என்னும் வியப்பே. அவ்வியப்பின் அடியில், வறியோரிடத்து இன்னிசை இராது என்னும் எண்ணம் மறைந்துகிடப்பதையும் சொல்லவேண்டும். பாராட்டுப்போலத் தோன்றுவது ஒருவகையில் இழித்துரையும் ஆகும்.

வியப்பு ஒருமுறையே விளைவது. இசையமைப்பாளர் ஹிமேஷ் ரேஷம்மியா தம் ‘ஹாப்பி ஹார்டி அண்ட் ஹீர்’ என்னும் படத்துக்காக அவரைப் பாடச் செய்தார். பாடல் முழுமையாக வெளிவருமுன்னரே, ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் பாடுங் காட்சி நாடெங்கும் பரவிற்று. படமோ 2020 சனவரியில் வந்தது. அப்பாடலின் பல்லவி ஒரு சிறு சொற்றொடரை மீளமீள ஒலிப்பது. ஒருமுறை கேட்டோர் மறவாதவாறு அமைந்த அது, பாடுவோரின் கற்பனைக்கு அதிகம் இடந்தருவதன்று. புகைவண்டி நிலையத்தில் அவருக்குத் துணைநின்ற முரண் ஒலிப்பதிவுக் கூடத்தில் இல்லை. ஒலிவாங்கியின் முன் ஒருவர் பாடுதலில் யாருக்கும் வியப்பு எழாது. ஆங்குக் குரல் குரலாகவே நிறுக்கப்படும். 2019 நவம்பரிலேயே, தம்மைத் தொட்ட ஒருவரை அவர் கடிந்தார் என்றும் மிகையாக ஒப்பனை செய்தார் என்றும் எள்ளும் படங்கள் உலவலாயின. ஒப்பனை செய்தவரே அப்படம் திரிக்கப்பட்டது என்று மறுத்தும் பயன் விளையவில்லை. வறியவராய் இருந்தவரை போற்றிய கூட்டம், அவர் பாடகியரைப்போல ஒழுகத் தொடங்கியதும் பொறுக்கவில்லை.

அவ்வாண்டில் லதா மங்கேஷ்கர் கூறிய கருத்தும் பலராற் பழிக்கப்பட்டது. தம் பெயராலும் பாடலாலும் ஒருவர் நன்மை பெறுவது தமக்கு நற்பேறே என்று தொடங்கிய அவர், பிறரைப் பின்பற்றிப் பாடுதல் நெடுங்காலம் துணைநில்லாது என்றும், பழம்பாடல்களைப் பாடுவோர் ஒரு கட்டத்தில் தமக்குரிய பாடலைத் தேடவேண்டும் என்றும் மொழிந்தார். ஈரமற்ற பேச்சு என்றனர் சிலர். திறனாய்வு நோக்கில் அது நேரிய கருத்தே. எனினும் முழுமை பெறாதது. தமக்குரிய பாடலைத் தேடுதற்குப் பல்லாண்டும், பிழை பொறுக்கும் சிறு சபைகளும், அருகிருந்து திருத்துவோரும் வேண்டும். புகழைச் சில கிழமைகளில் அளித்தோர் இவற்றுள் எதனையும் அளித்தாரல்லர்.

முன்னாளைய போட்டிகளோடு ஒப்பிடின் இவ்வேறுபாடு விளங்கும். எல்லா பிற்சுஜெரால்ட் 1934 இல் நியூயோர்க் அப்பலோ அரங்கின் பயில்முறைப் பாடகர் போட்டியில் வென்றபோது அவருக்கு அகவை 17. அவரை நாடறியச் செய்த பாடல் வெளிவந்தது 1938 இல். இடைப்பட்ட காலத்திற் சிக் வெப் குழுவினருடன் நடன மண்டபங்களிற் பாடி வந்தார். இந்தியாவில் 1957 ஆம் ஆண்டு ‘மெற்றோ மேர்பி’ போட்டியில் மகேந்திர கபூரைத் தேர்ந்தோர் நௌஷாத், சி. இராமச்சந்திரா முதலிய இசையமைப்பாளர். தேர்ந்தோரே பாடல் கொடுப்போராயும் இருந்தமையால் வெற்றி தொழிலின் வாயிலாயிற்று. இன்றைய தேர்வாளராகிய பொதுமக்கள் ஒரு விரலசைவில் வாக்களித்துவிட்டு அடுத்த படத்துக்குச் செல்வர். அவர்மீது குற்றமில்லை, பாடகரை வளர்க்கும் கடமையை அவர் ஏற்றவரல்லர்.

மாதவி அரங்கேறிய அதே பன்னிரண்டாம் அகவையிற் புகழேறிய சிறுவன் ஒருவனும் உளன். அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலத்து எட்மண்ட் என்னும் ஊரைச் சேர்ந்த கிரேசன் சான்ஸ், 2010 ஆம் ஆண்டில் தன் பள்ளி இசைவிழாவில் லேடி காகாவின் பாடலொன்றைப் பியானோ வாசித்துப் பாடினான். பின்னே அமர்ந்திருந்த மாணவியரின் வியந்த முகங்களும் அப்படத்திற் பதிந்தன. எப்படி வியக்கவேண்டும் என்பதையும் அவை காண்போருக்குக் கற்பித்தன போலும். எலன் டிஜெனரஸ் அவனைத் தம் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அழைத்ததோடு, தாம் தொடங்கிய இசைத்தட்டு நிறுவனத்திலும் சேர்த்துக்கொண்டார். 2011 இல் முதற்றொகுப்பு வெளிவந்தது. பன்னிரண்டு அகவைச் சிறுவனின் குரல் உடையும் என்பதைப் பாட்டு வாத்தியார் எவரும் அறிவர். அக்குரல் நம்பி எழுப்பிய புகழ் எத்துணைக் காலம் நிற்கும்? அவர் பின்னர் பல்கலைக்கழகஞ் சென்று, 2019 இல் ‘போர்ட்ரெயிட்ஸ்’ என்னும் தொகுப்புடன் வளர்ந்த குரலில் மீண்டார். முதற்புகழின் பேரொலி அதற்குக் கிட்டவில்லை. பாட்டின் தரமோ முன்னதினும் உயர்ந்தது.

இதற்கு மாறான சான்று ஆர்னெல் பினேடா. மணிலா நகரத்தவர், இளமையில் தாயை இழந்து, பூங்காவில் உறங்கி நாட்கழித்தவர். 1980 ஆம் ஆண்டுகள் முதற் குழுக்களிற் சேர்ந்து மணிலாவிலும் ஹொங்கொங்கிலும் இரவுதோறும் பாடிப் பிழைத்தார். 2007 இல் அமெரிக்க ‘ஜேர்னி’ குழுவின் கிற்றார் கலைஞர் நீல் ஷோன், பாடகரைத் தேடி யூரியூப்பிற் பல படங்களைப் பார்த்துவரும்போது அவரைக் கண்டார். அப்போது பினேடாவுக்கு அகவை 39. அக்குழுவின் பழைய பாடகர் ஸ்ரீவ் பெரியின் குரலை அவர் குரல் பெரிதும் ஒத்தது. ஆசியர் ஒருவரிடத்தில் அக்குரலா என்னும் வியப்பு இங்கும் இருந்தது, பின்பற்றலும் இருந்தது. ஆயினும் 2008 இல் மேடையேறிய அவர் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக உலக அரங்குகளில் அக்குழுவுடன் பாடியுள்ளார். பின்பற்றல் ஒன்றே வீழ்ச்சிக்குக் காரணமாயின் இவர் முதலில் வீழ்ந்திருக்கவேண்டும். வியப்புத் தணிந்த மறுநாளும் பாடவல்ல மிடறு, கேளாச் செவியினர் முன் பாடிப்பாடி அவருக்கு முன்னரே வாய்த்திருந்தது. யூரியூப் அவருக்குத் திறந்தது கதவை. உள்ளே நடந்துசெல்லுங் கால்கள் அவருடையன. மணிலாவின் விடுதிப் பாடகர் ஒருவரை வேறெவ்வழியில் நீல் ஷோன் கேட்டிருப்பார் என்பதும் மறுக்கவொண்ணாத வினா. ஆதலின் இக்கருவியை அடியோடு பழித்தல் தகாது.

பழிக்கத்தக்கது வணிகரின் கணக்கு. முன்னாளில் இசைத்தட்டு நிறுவனத்தார் பாடகரைத் தேர்ந்தபின் அவருக்குக் கேட்போரைத் தேடிப் பொருள் செலவிட்டனர். இன்று கேட்போர் தொகையோடு கூடிய பாடகரே கைக்கு வருகின்றார். செலவு குறைதலின் பொறுமையும் குறைந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த எஸ்மே டென்ரேர்ஸ் 2006 இல் வீட்டிலிருந்து பிறர் பாடல்களைப் பாடி யூரியூப்பில் வெளியிட்டவர். மறு ஆண்டே ஜஸ்ரின் ரிம்பர்லேக்கின் நிறுவனம் அவரைத் தன் முதற்பாடகியாக ஒப்பந்தஞ் செய்தது. 2009 இல் அவர் தொகுப்பு வெளிவந்தது. அதன் தலைப்புப் பாடல் பிரித்தானியாவில் முதற் பத்துப் பாடல்களுள் இடம்பெற்றது. அந்நிறுவனத்திலிருந்து அவருக்கு இரண்டாந் தொகுப்பு வரவில்லை. உலகறிந்த அப்பாடகி 2015 இல் பிரித்தானியத் தொலைக்காட்சியின் ‘தி வொயிஸ்’ போட்டியில், யாரும் அறியாத புதியவர்களோடு வரிசையில் நின்று, முதுகு காட்டி அமர்ந்து குரலை மட்டுங் கேட்கும் நடுவர்முன் பாடினார்.