அழுகைக் கோச்சியின் இரு முனைகள்

2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து ஒரு கூட்டம் நடக்கத் தொடங்கியது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டம் போட வந்தவர்கள் காடும் காய்ச்சலுமாக நடந்த அதே வடக்கு வழி. மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று நடந்து ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தார்கள். 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற அந்த நடைபயணத்தை முன்னின்று ஒழுங்குசெய்தவர்களுள் இலங்கை தேசிய கிறிஸ்தவ மன்றமும் ஒன்று.

அவர்கள் அரசின் முன் வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். வீட்டுக்கும் வாழ்வாதாரத்துக்கும் காணியுரிமை, வாழப் போதுமான சம்பளம், தமிழில் அரச சேவை, வீட்டுப் பணிப்பெண்களுக்குச் சட்டப் பாதுகாப்பு, மலையகத் தமிழர் என்ற தனி அடையாளத்துக்கு அங்கீகாரம். திருச்சபைக்கென்று எதுவும் இல்லை. மலையக மக்களில் பெரும்பாலோர் இந்துக்கள். ஹட்டனிலோ தலவாக்கலையிலோ மாரியம்மன் கோயில் இல்லாத தோட்டத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த மக்களுக்காகச் சபை நடந்தது என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1854இல் தோட்டங்களுக்குள் வந்த புரொட்டஸ்தாந்து ஊழியத்தின் பெயரே தமிழ்க் கூலி மிஷன். உபதேசிமாரின் சம்பளத்தில் தோட்டத் துரைமாரின் நன்கொடையும் சேர்ந்திருந்தது. துரையின் அனுமதியோடு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தைக் கடந்து வந்த சபை துரையை எப்படிக் கேள்வி கேட்கும்? 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்கள் ஆக்கியபோது ஆயர்கள் உரத்துப் பேசினார்கள் என்று எங்கள் பெரியவர்கள் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. பேசிய கிறிஸ்தவர் ஒரு வழக்கறிஞர்: காங்கேசன்துறை எம்.பி. எஸ்.ஜே.வி. செல்வநாயகம். அந்தக் கேள்வியில்தான் அவர் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்தார். 1949இல் தமிழரசுக் கட்சி பிறந்தது.

சபைக்குள் மாற்றம் வர இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது. 1972இல் கண்டியில் இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் 'சத்தியோதய' நிலையத்தைத் தொடங்கினார். அதற்குத் துணைநின்ற ஆயர் லியோ நாணயக்கார, கண்டி மறைமாவட்டத்தை விட்டு, புதிதாகப் பிரிக்கப்பட்ட வறிய பதுளைக்குப் பொறுப்பேற்றுப் போனவர். இருவரும் தமிழரல்லர். 1973, 74இல் தோட்டங்களில் மாவும் அரிசியும் இல்லாமல் மக்கள் செத்த காலம் அது. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் போட்ட கணக்கும் அப்போது ஓடிக்கொண்டிருந்தது: 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். போகிறவர்களிடமும் இருக்கிறவர்களிடமும் யாரும் கேட்கவில்லை. கஸ்பர்ஸ் அடிகள் கேட்டார். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே கூரையின் கீழ் இருந்து வேலை செய்யும் இடமாகச் சத்தியோதயவை வளர்த்தார். தோட்ட மக்களின் நிலையை ஆராய்ந்து எழுதினார். 1979இல் 'மேர்ஜ்' எனும் இன நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கம் தோன்றியபோது அதன் முன்வரிசையில் நின்றார். வாக்கில்லாத மக்களுக்காக அரசிடம் பேச, வாக்குள்ள பெரும்பான்மையினரின் மனச்சாட்சியைத் தட்டுவது தவிர வேறு வழியில்லை. மலையகத்தில் சபையின் குரல் இனங்களைக் கடந்ததாக அமைந்ததற்கு அன்பு ஒரு காரணம். இந்தக் கட்டாயம் இன்னொரு காரணம்.

இந்தியாவில் கதை வேறு. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஆறேழு பேர்தான். ஆனால் அங்கே சபையின் கையில் வாக்கு உண்டு, கல்லூரிகள் உண்டு, உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போகும் பலம் உண்டு. அந்தப் பலம் மிக நீண்ட காலமாகச் செலவானது தலித் கிறிஸ்தவர்களின் உரிமைக்கு. 1950இன் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. 2004 முதல் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. ஆண்டுதோறும் ஓகஸ்ட் 10ஐக் கத்தோலிக்கச் சபை கறுப்பு தினமாக அனுசரிக்கிறது. கோரிக்கை முழு நியாயமானது. சேரிக்கு ஒரு கல்லறை, ஊருக்கு ஒரு கல்லறை என்று வைத்திருந்த சபைக்கு அதைக் கேட்கும் முன் தன் வீட்டையும் திருத்தும் கடமை இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தன் மக்கள் என்ற எல்லையைத் தாண்டியவர்களும் இருந்தார்கள். திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த ஸ்டேன் சுவாமி அடிகள் ஜார்க்கண்ட் ஆதிவாசிகளின் காணிக்காகவும், விசாரணையின்றிச் சிறையில் கிடந்த இளைஞர்களுக்காகவும் வாழ்ந்தார். 2020 ஒக்டோபரில் 83 வயதில் கைதானார். 2021 ஜூலை 5ஆம் திகதி, பிணை கிடைக்காமலே மும்பை மருத்துவமனையில் இறந்தார். கஸ்பர்ஸ், ஸ்டேன் இருவரும் இயேசு சபைத் துறவிகள். இருவரும் பிறர் உரிமைக்காக, முதலில் விவரம் திரட்டி, பிறகு வாய் திறந்தவர்கள். கஸ்பர்ஸ் 2017இல் முதுமையில் காலமானார், ஸ்டேன் கைதியாகவே போனார். இதை வைத்து இலங்கையில் ஆபத்து இருக்கவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஊவாவின் புத்தளையில் ஏழைச் சிங்கள விவசாயிகளோடு வாழ்ந்த மைக்கல் ரொட்ரிகோ அடிகளை 1987 நவம்பரில் திருப்பலி வேளையிலேயே சுட்டுக் கொன்றார்கள்.

இடிந்தகரையையும் மறக்க முடியாது. 2011இல் கூடங்குளம் அணு உலைக்கு எதிராக லூர்து மாதா ஆலய முன்றிலில் போட்ட பந்தல் ஆண்டுக்கணக்கில் நின்றது. அங்கே பேசியவர்கள் மீனவப் பெண்கள், சபை கொடுத்தது இடம். 2012இல் தூத்துக்குடி மறைமாவட்டத்தைச் சேர்ந்த தொண்டு அமைப்புகளின் வெளிநாட்டு நிதிக்கணக்குகளை முடக்கி அரசு பதில் சொன்னது.

இனி என் மனதில் உறுத்துவது. மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு மக்களை ஏற்றிப்போன ரயிலுக்கு நாங்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. எங்கள் லயத்திலிருந்தும் இரண்டு குடும்பங்கள் அதில் ஏறின. போனவர்களில் ஒரு பகுதியினருக்கு நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்கள் வேலை கொடுத்தன. கொழுந்துக் கூடை மாறவில்லை, பெயர் மட்டும் 'சிலோன்காரர்' என்று மாறியது. பிறகு 1983 வன்செயலுக்குத் தப்பி ஓடியவர்கள் அகதி முகாம்களுக்குப் போனார்கள். அவர்கள் முதலில் இறங்கிய மண்டபம் முகாம், ஒரு காலத்தில் எங்கள் பாட்டன்மாரை நோய்ச் சோதனைக்கு நிறுத்தி இலங்கைக்கு ஏற்றிவிட்ட அதே முகாம். அந்த அகதிகளுக்காக ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை நடத்தியவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன். இயேசு சபை அகதிகள் பணியினர் முகாம் பிள்ளைகளின் படிப்புக்கு நெடுங்காலமாக உழைக்கிறார்கள்.

படிப்பும் வேண்டும், பிரஜாவுரிமையும் வேண்டும். இலங்கையில் மிச்சமிருந்த நாடற்றோர் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் பிரஜைகள் ஆனார்கள். தமிழ்நாட்டு முகாம்களில் உள்ள மலையகத் தமிழர் பல ஆயிரம் பேர் இந்திய வம்சாவளியினராக இருந்தும் இந்தியரல்லர். 2019 ஜூனில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை, அப்படிப்பட்ட 65 பேரின் விண்ணப்பத்தைப் பரிசீலித்து முடிவெடுக்குமாறு மத்திய அரசுக்குச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த கிறிஸ்தவர்களைக்கூட ஏற்றது. இலங்கையைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை.

தமிழ்நாட்டு ஆயர்களுக்கும் சபைத் தலைவர்களுக்கும் ஹட்டனிலிருந்து ஒரு வேண்டுகோள். ஓகஸ்ட் 10 கறுப்பு தினம், மாத்தளையில் அந்த நடை முடிந்த நாளுக்கு இரண்டு நாள் முந்தியது. அன்று நீங்கள் டெல்லிக்கு அனுப்பும் மனுவில், முகாமில் இருக்கும் எங்கள் உறவுகளின் குடியுரிமையையும் ஒரு வரியாகச் சேர்த்து எழுதுங்கள்.