அலமாரியில் இரண்டு மாயாவிகள்

காமிக்ஸ் சேகரிக்கிற இரண்டு பேர் முதன்முறையாகச் சந்தித்தால் முதல் கேள்வி, “எத்தனை வச்சிருக்கீங்க?” இரண்டாவது, “முழு செட்டா?” கதையைப் பற்றிய பேச்சு மூன்றாவதாகவாவது வரும் என்று காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். எந்த நம்பர் யாரிடம் இருக்கிறது, என்ன விலை சொல்கிறார், அட்டை உண்டா, நடுப்பக்கம் கழன்றதா என்று போய்க்கொண்டே இருக்கும். இருபது வருஷமாக நானும் இந்தப் பேச்சுகளில் உட்கார்ந்திருக்கிறேன். ருசியான பேச்சுதான், மறுக்கவில்லை. ஆனால் போன கோடையில் வீடு மாறியபோது, அட்டைப்பெட்டிகளில் வந்திறங்கிய 1,300 சொச்சம் புத்தகங்களைப் புது அலமாரியில் அடுக்க உட்கார்ந்தேன். எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது என்று யோசிக்க ஆரம்பித்த நிமிடமே விமர்சனம் ஆரம்பித்துவிடுகிறது என்று அப்போது பட்டது. எது எதோடு சேர்ந்தது, யார் பெயரில் அது இருக்கவேண்டும், எது நகல், எது மூலம்: இதெல்லாம் தீர்ப்புகள். தமிழில் காமிக்ஸ் பற்றிய விமர்சன எழுத்து குறைவு. அதனால் இந்தத் தீர்ப்புகள் வீட்டு அலமாரிக்குள்ளேயே நடந்து, யாருக்கும் தெரியாமல் முடிந்துபோகின்றன.

பெரும்பாலானவர்களின் வழி, இதழ் எண் வரிசை. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு ஆரம்பித்தது. அதே குடும்பத்திலிருந்து லயன் காமிக்ஸ் 1984இல் வந்தது. அதே 1984இல் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் வந்து 2005 வரை ஓடியது. நிறுவனவாரியாகப் பிரித்து ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கிவிட்டால் வேலை முடிந்த மாதிரி இருக்கும். எது இல்லை என்பதும் உடனே தெரியும். இந்த முறையின் மொத்தக் கவர்ச்சியும் அதில்தான் இருக்கிறது: இருப்பதைவிட இல்லாததைத் துல்லியமாகக் காட்டுகிறது. பழைய இதழ்கள் ‘பின்’ அடித்த ஒல்லிப் புத்தகங்கள் என்பதால் நிறுத்தி வைத்தால் முதுகே கிடையாது. பத்துப் பத்தாகக் கட்டி, நடுவில் அட்டைத் துண்டு செருகி நம்பர் எழுதவேண்டும். செய்தேன். ஒரு வாரம் பார்க்க அழகாக இருந்தது.

படிக்க உட்கார்ந்தபோதுதான் வம்பு. ஒரே மாயாவி கதை முதல் பதிப்பாக ஓரிடத்தில், மறுபதிப்பாக இன்னோரிடத்தில், ‘காமிக்ஸ் கிளாசிக்ஸ்’ என்ற பெயரில் மூன்றாவதாக ஓரிடத்தில். தொடர்கதை என்றால் இன்னும் மோசம். ‘இரத்தப் படலம்’ பாகம் பாகமாக வருஷக்கணக்கில் வந்த கதை. நினைவிழந்த ஒருவன் தான் யார் என்று தேடுகிறான். அவனைத் தேடி நான் அலமாரியின் மூன்று தட்டுகளுக்கு ஏறி இறங்கினேன். 2010இல் அது ஒரே தடித்த புத்தகமாக வந்தது, 2018இல் வண்ணத்தில் வந்தது. அவற்றை எந்த நம்பருக்குப் பக்கத்தில் வைப்பது?

சரி, நாயகர்வாரியாகப் பிரிப்போம் என்று எல்லாவற்றையும் மறுபடி தரையில் கொட்டினேன். (“திரும்பவுமா?” என்று அம்மா கேட்டதை இங்கே பதிவு செய்கிறேன்.) ‘மாயாவி’ என்று ஒரு கட்டு. பாதி கட்டியபிறகு பார்த்தால் கட்டுக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். முத்து காமிக்ஸின் மாயாவி, மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கை தவிர மற்றதெல்லாம் மறைந்துவிடுகிற ஆள். ராணி காமிக்ஸின் மாயாவியோ காட்டில் மண்டையோட்டுக் குகையில் இருக்கிற முகமூடிக்காரர். அவரையே முத்து காமிக்ஸ் ‘வேதாளர்’ என்று அழைத்தது. இரண்டு கடைகள், ஒரே பெயர், வேறு வேறு ஆட்கள். ஒரே ஆள், வேறு வேறு பெயர்கள். ராணி படித்து வளர்ந்தவரிடமும் முத்து படித்து வளர்ந்தவரிடமும் ‘மாயாவி’ என்று சொல்லிப் பாருங்கள், இரண்டு வேறு பால்யங்கள் எழுந்து வரும்.

இந்தப் பெயர்கள் தனியே ஆராயத்தக்கவை. இரும்புக்கை மாயாவி இங்கிலாந்தில் 1962இல் ‘வேலியன்ட்’ வார இதழில் ‘ஸ்டீல் கிளா’ என்ற பெயரில் வந்தவர். அதாவது வெறும் எஃகு நகம். மறைந்துபோகும் மனிதன் அந்தத் தலைப்பில் இல்லை. தமிழில் பெயர் வைத்தவர் அவனை ‘மாயாவி’யாக்கி, மந்திரக்கதை கேட்டு வளர்ந்த வாசகனின் மடியில் உட்காரவைத்தார். விஞ்ஞானக் கதை அந்த ஒரு சொல்லில் விக்கிரமாதித்தன் கதைக்குப் பக்கத்து வீட்டுக்கு வந்துவிட்டது. அமெரிக்க மேற்கைச் சுற்றுகிற ‘புளூபெர்ரி’ ஒரு பழத்தின் பெயர் கொண்டவர். தமிழில் அவர் கேப்டன் டைகர். பழத்தைப் புலியாக்கியது யார்? பிரெஞ்சு மொழியின் ரிக் ஓஷே நமக்கு ரிப்போர்ட்டர் ஜானி. ரோபாட் ஆர்ச்சியை ‘சட்டித்தலையன்’ என்று கூப்பிட்டபோது அது மொழிபெயர்ப்பைத் தாண்டி தெருப்பிள்ளைகள் வைக்கிற பட்டப்பெயர் ஆகிவிட்டது. இந்தத் தமிழ்தான் எங்களுக்கு வாசிப்பைக் கற்றுக்கொடுத்தது. எழுதியவரின் பெயரோ நான் வைத்திருக்கும் பழைய இதழ்கள் பெரும்பாலானவற்றில் இல்லை. மொழிபெயர்ப்பாளர்வாரியாக அடுக்க ஆசைப்பட்டால் அலமாரி முழுதும் ஒரே கட்டு: ‘பெயர் தெரியவில்லை’.

வரைந்தவர்களுக்கும் அதே கதிதான், ஆனால் அவர்களைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கை காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மூன்றாவது முறையாக, ஓவியர்வாரியாகப் பிரித்தேன். என் வாசிப்பைத் தலைகீழாகப் புரட்டியது இந்த வேலைதான்.

மாயாவியை வரைந்தவர் ஹெசுஸ் பிளாஸ்கோ, பார்சிலோனாக்காரர். லண்டன் பத்திரிகைக்காக ஒரு ஸ்பானியர் வரைந்த நியூயார்க் அது. அந்த மழைத்தெருவும் தொப்பி நிழலில் பாதி மறைந்த முகங்களும் இங்கிலாந்தின் சாதாரண சிறுவர் இதழுக்குத் தேவையே இல்லாத அளவு இருட்டானவை. மாடஸ்டி பிளைஸியை முதலில் வரைந்த ஜிம் ஹோல்டவே 1970இல் இறந்தபின் பொறுப்பேற்ற என்ரிக் ரொமெரோவும் பார்சிலோனாதான். இரண்டு கட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், நான் சின்ன வயதில் ‘இங்கிலீஷ் கதை’ என்று நம்பிய உலகத்தில் பாதி ஸ்பெயினில் வரையப்பட்டது என்று உறைத்தது. பார்சிலோனாவிலிருந்து லண்டன் வழியாகச் சிவகாசி வரை ஒரு கோடு ஓடியிருக்கிறது. நம்பர் வரிசையில் அந்தக் கோடு கண்ணிலேயே படாது.

ஸ்பைடர் விஷயம் இதைவிடக் கனமானது. நம் கூர்மண்டையர் முதலில் குற்ற உலகின் ராஜாவாக ஆசைப்படுகிறவன், வாயைத் திறந்தால் தற்பெருமை. இவனை டெட் கோவன் ஆரம்பித்துவைக்க, விரைவிலேயே எழுத வந்தவர் ஜெர்ரி சீகல். 1938இல் ஜோ ஷஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனை உலகத்துக்குக் கொடுத்து, அந்தப் பாத்திரத்தின் உரிமையை இழந்து, வழக்கு போட்டு அலைந்த அதே சீகல். உலகத்தின் ஆக நல்லவனைப் படைத்துத் தோற்றவர், கடல் தாண்டிய ஒரு பத்திரிகையில் தன்னைத்தானே புகழ்ந்துகொள்ளும் ஒரு திருடனை எழுதிக்கொண்டிருந்தார். இது தெரிந்தபின் ஸ்பைடரின் வாய்ச்சவடால் எனக்குப் பழைய மாதிரி சிரிப்பு வரவழைப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் ஸ்பைடர் கட்சி, சூப்பர்மேன் கட்சி என்று அடித்துக்கொண்டோம். இரண்டும் ஒரே பேனா என்று சொல்ல புத்தகத்தில் ஒரு வரி இருந்திருந்தால் போதும்.

ஓவியர் வரிசையும் கச்சிதமாக நிற்காது. கேப்டன் டைகரை வரைந்த ழான் ஜிரோ, ‘மோபியஸ்’ என்ற பெயரில் விஞ்ஞானக் கனவுகளை வரைந்த அதே ஆள். வில்லியம் வான்ஸ் வரைந்த ‘இரத்தப் படலம்’ தொடரில் ஒரு பாகத்தை வரைந்ததும் அவரே. இப்போது அந்தத் தடித்த புத்தகத்தை வான்ஸிடம் வைப்பதா, ஜிரோவிடமா? பிரெஞ்சு எழுத்தாளர் ழார்ஜ் பெரெக் 1978இல் புத்தகம் அடுக்குவது பற்றிய தன் சிறு கட்டுரையில் அகரவரிசை, நாடு, நிறம், அளவு என்று வழிகளைப் பட்டியலிட்டு, எதுவும் தனியாகப் போதாது என்கிறார். அவரிடம் ராணி காமிக்ஸ் இருந்திருந்தால் கட்டுரை இன்னும் நீண்டிருக்கும்.

எனக்கு வந்த பெரிய உறுத்தல் வேறு. ஓவியர்வாரியாக அடுக்கி முடித்து, நாலடி தள்ளி நின்று பார்த்தால், அலமாரியில் தமிழ்நாடே இல்லை. பிளாஸ்கோ, ரொமெரோ, ஜிரோ, வான்ஸ், மாரிஸ் என்று ஐரோப்பிய அருங்காட்சியகம் ஒன்று நிற்கிறது. இந்தப் புத்தகங்களைச் சிவகாசியில் அச்சடித்து, பஸ் ஸ்டாண்டு கடைகளில் தொங்கவிட்டு, ஒரு தலைமுறைக்குக் கொண்டுசேர்த்த வரலாறு போய்விட்டது. ஆசிரியர் விஜயன் எழுதும் ‘ஹாட்லைன்’ பக்கம், வாசகர் கடிதங்கள், அடுத்த இதழ் விளம்பரம், விலை ஏறியதற்கு மன்னிப்பு எல்லாம் காலத்தோடு ஒட்டிய விஷயங்கள். 1984ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். லயனின் முதல் கதை மாடஸ்டி. ராணியின் முதல் கதை ஜேம்ஸ் பாண்ட். இரண்டுமே லண்டன் நாளிதழ்களில் பெரியவர்கள் படித்த படத்தொடர்கள். அவற்றைக் கொண்டுவந்து இங்கே ‘சிறுவர் புத்தகம்’ என்ற பெயரில் விற்றார்கள், கூடவே கதாநாயகிகளுக்குக் கறுப்பு மையில் ஆடை தைத்துப் போட்டார்கள். தமிழ்க் காமிக்ஸ் யாருக்கானது என்ற குழப்பம் அந்த வருஷமே அச்சில் இருக்கிறது. இரண்டு நிறுவனங்களையும் தனித்தனிக் கட்டாக வைப்பவருக்கு இது தெரியாது. ஓவியர்வாரியாக வைப்பவருக்கும் தெரியாது.

ஆகவே இப்போதைய ஏற்பாடு இது. நிறுவனம் பார்க்காமல், வெளிவந்த வருஷம் மாதம் பார்த்து எல்லாம் ஒரே வரிசை. முத்துவும் லயனும் ராணியும் கலந்து நிற்கின்றன, கடையில் தொங்கியபோது நின்ற மாதிரி. ஓவியர், எழுத்தாளர், மூலப்பெயர், தமிழ்ப்பெயர், மறுபதிப்பு விவரமெல்லாம் கணினியில் ஒரு அட்டவணை. பிளாஸ்கோவைத் தேடினால் அவர் எங்கெங்கே இருக்கிறார் என்று அது சொல்லும். 2012க்குப் பிறகு வந்த பெரிய அளவு வண்ணப் புத்தகங்கள் மட்டும் தட்டுக்குள் நுழையாமல் கீழே தனியாக இருக்கின்றன. உயரம் என்ற கொள்கைக்கு முன்னால் வேறெந்தக் கொள்கையும் நிற்பதில்லை.

பராமரிப்பு பற்றி அதிகம் சொல்ல இல்லை. மலிவுத் தாள் தன் அமிலத்திலேயே பழுத்துப்போகும், தடுக்கமுடியாது, தாமதப்படுத்தலாம். துருப்பிடித்த பின்னைக் கழற்றிவிட்டு நூல் போடுங்கள். செலோடேப் வேண்டாம். வெளிச்சுவரை ஒட்டி அலமாரி போட்டால் நாலு விரல் இடைவெளி விடுங்கள். பரண் வேண்டவே வேண்டாம். பைண்டிங் பற்றி மட்டும் கோபமாக ஒரு வார்த்தை: ‘கல்கி’ தொடர்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த வீடுகளின் பழக்கம் காமிக்ஸுக்கும் வந்தது. அதனால்தான் பல கதைகள் பிழைத்தன, உண்மை. ஆனால் பைண்டர் முதலில் பிய்த்துப்போடுவது அட்டையை, அடுத்தது கடிதப் பக்கத்தை. கத்தி ஓரத்தைச் சீவும்போது படத்தின் விளிம்பும் சேர்ந்து போகும்.

முழு செட் ஆட்களிடம் எனக்கு இருக்கும் சண்டையும் இங்கேதான். பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டி, பிரிக்காமல் வைத்திருக்கிறார்கள். “படிக்கிறதுக்கு வேற காப்பி இருக்கு தம்பி” என்றார் ஒருவர். நல்லது. அந்த உறைக்குள் இருப்பதை அவரைத் தவிர யாரும் பார்க்கப்போவதில்லை, அவருக்குப் பிறகு அது என்னவாகும் என்பதற்கும் ஏற்பாடு இல்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா தன் வீட்டில் சேர்த்து வைத்தவை அவர் 1992இல் இறந்தபின் காப்பாற்றப்பட்டு, 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாக மாறின. நூலகங்கள் சீந்தாத குஜிலிப் பிரசுரங்களையும் நாடக நோட்டீஸ்களையும் அவர் சேர்த்திருந்தார். அதனால்தான் இன்று அவற்றைப் பற்றி ஆய்வு எழுத முடிகிறது. எல்லா வீட்டுக்கும் அப்படி ஒருவர் வந்து வாங்கிக்கொள்ளமாட்டார். பெரும்பாலும் வருவது பழைய பேப்பர்காரர். என் அட்டவணையின் ஒரு பிரதியை மூன்று நண்பர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். புத்தகங்கள் போனாலும் எது எப்போது யாரால் வந்தது என்பது மிஞ்சட்டும்.

கடைசியாக ஒரு பெட்டி பாக்கி. எடைக்கு வாங்கியதில் வந்த, அட்டையும் முதல் பக்கமும் இல்லாத நாற்பத்தொரு புத்தகங்கள். நம்பரும் வருஷமும் இல்லாததால் என் வரிசையில் இவற்றுக்கு இடமே இல்லை. ஒவ்வொன்றாகக் கையைப் பார்த்துக் கண்டுபிடித்து வருகிறேன். மழைத்தெருவும் நிழலும் இருந்தால் பிளாஸ்கோ. நெருக்கமான மெல்லிய கோடுகளால் முகத்தைச் செதுக்கியிருந்தால் ஸ்பைடரை வரைந்த ரெக் பன். இன்னும் ஒன்பது மிச்சம். அக்கா மகள் லீவுக்கு வந்தவள், அடுக்கி வைத்த 1,300ஐ விட்டுவிட்டு நேராக இந்தப் பெட்டியில்தான் கைவிட்டாள். “மாமா, இது ஆரம்பமே இல்லையே, யாரு இவன், எதுக்கு ஓடறான்?” என்றாள். தெரியவில்லை என்றேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நாலாம் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.