காரணம் சொல்லாத தீர்ப்பு

கவிதைப் போட்டி அறிவிப்பு எதை எடுத்தாலும் கடைசி வரி ஒன்றுதான்: ‘நடுவர் தீர்ப்பே இறுதியானது.’ இந்த வரியை நான் வெகுகாலமாக எதிர்த்து வருகிறேன். இப்போது அந்த வரிக்குப் புதிதாக ஒரு நியாயம் கிடைத்திருக்கிறது. திறந்த மேடை, ஸ்லாம் என்ற பெயர்களில் கவிதையை நிகழ்த்திக் காட்டும் மோகம் பெருநகரங்களைத் தாண்டிப் பரவுகிறது. கூடவே ஒரு பேச்சும் வந்திருக்கிறது: இங்கே தோற்றவர் யாருமில்லை, நாமெல்லாம் ஒரே குடும்பம், புள்ளியைப் பெரிதுபடுத்தாதீர்கள். கவிஞர்களுக்குள் மனத்தாங்கல் வந்தால் அதைத் தணிக்க இதைவிட நல்ல வழி இல்லை என்கிறார்கள் அமைப்பாளர்கள். எனக்கு அது மனத்தாங்கலை மூடி வைக்கிற வழியாகத்தான் தெரிகிறது.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பழைய கவியரங்கத்தில் தலைமைக் கவிஞரும் அவர் பக்கத்தில் அமர்ந்தவர்களும் மட்டுமே பாடினார்கள். எதிரே இருந்தவர்களுக்குக் கைதட்டும் வேலை. திறந்த மேடை ஒலிபெருக்கியை எதிரே இருந்தவர் கையில் கொடுத்தது. மூன்று நிமிடக் கெடு, இறங்க மனமில்லாத கவிஞர்களிடமிருந்து நம்மைக் காப்பாற்றியது. தமிழ் வளர்ச்சித் துறை மாணவர்களுக்கு மாவட்ட அளவில் கவிதைப் போட்டி நடத்தி முதல் பரிசாக 10,000 ரூபாய் தருகிறது. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. எழுதுகிற பிள்ளைக்கு இவையெல்லாம் பெரிய வாசல்கள். இதில் எனக்கு வழக்கில்லை.

என் வழக்கு, முடிவு அறிவித்த பிறகு நடப்பதைப் பற்றியது. நடுவர் எழுந்து வருவார். எல்லாக் கவிதைகளும் அருமை என்பார். ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் திணறிப்போனதாகச் சொல்வார். நேரமின்மையைக் காரணம் காட்டிப் பெயர்களை மட்டும் வாசிப்பார். கேடயம் கைமாறும், ஆறுதல் பரிசு போகும், மற்றவர்களுக்குப் பங்கேற்புச் சான்றிதழ். நடுவருக்குப் பொன்னாடை போர்த்தியதும் நாட்டுப்பண். முதல் பரிசு பெற்ற கவிதையில் என்ன இருந்தது, மற்றதில் என்ன இல்லை என்று ஒரு வாக்கியம்கூட அந்த மேடையில் ஒலிக்காது. பரிசு பெறாதவர் இரவு வாட்ஸ்அப் குழுவில் எதையாவது எழுதுவார். காலையில் அந்தப் பதிவு நீக்கப்பட்டிருக்கும். கேட்டால், குழுவுக்குள் சச்சரவு வேண்டாம் என்று பதில் வரும். சில மாதத்தில் அவர் தனியாக ஒரு மன்றம் தொடங்குவார். அடுத்த அறிவிப்பின் கடைசியில் அவரும் அதே வரியை அச்சிடுவார். சிறிய ஊர்களில் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத மூன்று நான்கு தமிழ் மன்றங்கள் இருப்பதற்கு இதுதான் பாதிக் காரணம்.

ஸ்லாம் பிறந்த இடத்தில் இப்படி இல்லை என்பதையும் சொல்லவேண்டும். கட்டடத் தொழிலாளியாக இருந்த மார்க் ஸ்மித் 1986-இல் சிகாகோவின் கிரீன் மில் மதுக்கூடத்தில் இதைத் தொடங்கியபோது, புலவர் கூட்டத்தின் பிடியிலிருந்து கவிதையை வெளியே கொண்டுவருவதே அவர் எண்ணம். கூட்டத்திலிருந்தே ஐந்து பேரை நடுவர்களாக எடுத்தார்கள். ஒவ்வொருவரும் பத்துக்கு இத்தனை என்று எழுதிய அட்டையை எல்லோர் கண் முன்னும் உயர்த்துவார். கூடியதும் குறைந்ததும் கழியும், நடுவிலுள்ள மூன்றும் சேரும். பிடிக்காத மதிப்பெண் வந்தால் கூட்டம் நடுவரைப் பார்த்துக் கூச்சலிடும். அப்படிக் கூச்சலிடச் சொல்லித் தொகுப்பாளரே தூண்டுவார். சச்சரவு அங்கே நிகழ்ச்சியின் ஓர் உறுப்பு. நாமோ மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டு கூச்சலை விட்டுவிட்டோம். அட்டையைக்கூட உயர்த்துவதில்லை, மூடிய உறையில் கொடுத்துவிடுகிறோம். அட்டையை உயர்த்தினாலும் 8.7 என்பது காரணம் ஆகிவிடாது என்பது வேறு விஷயம். ஒரு கவிஞன் வீட்டுக்குப் போய் எந்த அடியைத் திருத்துவது என்று அந்த எண் சொல்லாது.

திருநாவலூர்ப் பக்கத்துக்காரர்கள் காரணம் சொல்லாத தீர்ப்பை ஏற்றுக்கொள்வதுதான் எனக்கு ஆகப்பெரிய வருத்தம். சுந்தரர் பிறந்த ஊர் இது. அவருடைய கவிதை வாழ்க்கையே ஒரு வழக்கில் தோற்றதிலிருந்து தொடங்குகிறது. சேக்கிழார் சொல்லும் தடுத்தாட்கொண்ட கதை நமக்கெல்லாம் மனப்பாடம். சுந்தரரின் மணப்பந்தலில் கிழவர் உருவில் வந்து நின்ற சிவன், நீ என் அடிமை என்றார். சுந்தரர் அவரைப் பித்தன் என்று ஏசினார், அவர் காட்டிய அடிமை ஓலையைப் பறித்துக் கிழித்தார். இதுவரை நம் மேடைகளிலும் நடக்கக்கூடியதுதான். திருவெண்ணெய்நல்லூர் அவை செய்ததைத்தான் நாம் ஊன்றிப் படிக்காமல் விட்டோம்.

அவை கிழவரை உடனே நம்பவில்லை. அனுபவ பாத்தியம், ஆவணம், அயலார் சாட்சி என்ற மூன்றில் ஒன்றைக் காட்டும்படி கேட்டது. கிழிந்தது படி ஓலைதான், மூல ஓலை இருக்கிறது என்றார் கிழவர். அதை வாங்கி, கரணத்தானைக் கொண்டு எல்லோர் காதிலும் விழ வாசிக்கச் செய்தார்கள். அதோடு விட்டார்களா? சுந்தரருடைய பாட்டனார் எழுதிய வேறு ஓலையை வரவழைத்து, இரண்டின் எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒத்திருந்தது. அதன் பிறகே, நம்பி, நீ தோற்றாய் என்றார்கள். அடிமை ஓலை என்ற சங்கதி இன்று யாருக்கும் ஏற்புடையதல்ல. நான் பேசுவது நடைமுறையை. சோழ அரசில் அமைச்சராக இருந்தவர் சேக்கிழார். ஓர் அவை எப்படி விசாரிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். தோற்றவன் கண்ணெதிரே காரணத்தை விரித்து வைத்த பிறகே அவருடைய அவை வாய் திறந்து தீர்ப்புச் சொல்கிறது. சுந்தரர் அடங்கியதும் அதனால்தான். ஏசிய அதே சொல்லை முதலாக வைத்துப் பாடு என்று கேட்கப்பட்டபோது அவரால் பாட முடிந்ததும் அதனால்தான். மனக்குறையோடு அனுப்பப்பட்டிருந்தால் அந்தப் பதிகம் நமக்குக் கிடைத்திருக்குமா?

இன்னொரு சம்பவம் இதைவிடக் கடுமையானது. திருவாரூரில் தேவாசிரிய மண்டபத்தில் அடியார்கள் கூடியிருக்க, அவர்களை வணங்காமல் சுந்தரர் கடந்து போகிறார். விறன்மிண்டர் என்ற அடியார் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அந்த வன்தொண்டன் அடியார்களுக்குப் புறம்பு, அவனை ஆண்ட சிவனும் புறம்பு என்று உடைத்துச் சொல்லிவிட்டார். குற்றம் இன்னதென்று தெரிந்தது. அடியார்களை மதிக்கவில்லை என்பதுதான் குற்றம் என்பதால், அடியார்களைப் பெயர் பெயராகச் சொல்லி வணங்குவதே அதற்கு விடையாயிற்று. அப்படிப் பிறந்தது திருத்தொண்டத்தொகை. தன்னை விலக்கிய விறன்மிண்டரின் பெயரையும் சுந்தரர் அதில் வைத்தார். நம்பியாண்டார் நம்பியின் அந்தாதிக்கும் சேக்கிழாரின் பெரியபுராணத்துக்கும் அந்தப் பதினோரு பாட்டுத்தான் விதை. விறன்மிண்டருக்கு அன்று ஒரு சான்றிதழும் பொன்னாடையும் கொடுத்து, பெரியவரே, குடும்பத்துக்குள் சச்சரவு வேண்டாம் என்று உட்கார வைத்திருந்தால் சைவ உலகம் எவ்வளவு இழந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

புராணம் வேண்டாம் என்பவர்கள் தஞ்சைப் பக்கத்து லாவணியைப் பார்க்கலாம். மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி. விடிய விடியக் கேள்வியும் மறுமொழியும் பாட்டிலேயே. ஒரு கேள்விக்கு விடை வராமல் எதிர்க்கட்சி திணறினால், எதில் திணறியது என்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சிறுவனுக்கும் புரியும். வள்ளலார் பாடல்களைப் பற்றிய அருட்பா–மருட்பாப் போர் நல்ல உதாரணமாக இருக்காது. 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை போன சண்டை அது, வசைக்கும் குறைவில்லை. ஆனாலும் வள்ளலாரின் பாடல்களை ஓரெழுத்து விடாமல் தமிழ்நாடு படிக்க அந்தச் சண்டையும் ஒரு காரணம். எதிர்த்தவர்கள் எதை எதிர்க்கிறோம் என்று எழுதி அச்சிட்டார்கள்.

புதிதாக எழுத வருகிறவர்கள் புண்பட்டுப் போவார்கள், மேடைக்கே திரும்ப மாட்டார்கள் என்று பதில் வரும். இந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் புண்படுத்துவது எது? கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து பேருந்து பிடித்துக் கள்ளக்குறிச்சிக்கு வந்து, மலைப் பேச்சிலேயே ஒரு கவிதை சொல்கிற மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். பரிசு இல்லை. நடுவர் ஏனென்று சொல்லவில்லை. நடுப்பகுதியில் ஒரே படிமம் மூன்று முறை வந்தது என்பது உண்மையான காரணமாக இருக்கலாம்; ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லாததால் அவள் தானே ஒரு காரணத்தைத் தேடிக்கொள்வாள். என் பேச்சுத்தான் தப்பு, மேடைக்கு ஏற்ற தமிழ் எனக்கு வராது என்று முடிவு கட்டுவாள். அடுத்த முறை பாடப்புத்தகத் தமிழில், எல்லோரும் எழுதுகிற அம்மா கவிதை ஒன்றை எழுதிக்கொண்டு வருவாள். அதற்குப் பரிசும் கிடைக்கலாம். அந்த மாணவியின் குரலைக் கொன்றது விமர்சனமா, மௌனமா?

காரணம் சொல்லாத நடுவர், பெரும்பாலும், காரணம் இல்லாத நடுவர். அவர் கவிதையைக் கேட்கவில்லை, கைதட்டலைக் கேட்டார். இதைக் கடுமையான சொல் என்று நண்பர்கள் கடிந்துகொள்கிறார்கள். விதிவிலக்குகள் உண்டு என்று எனக்கும் தெரியும். விதிவிலக்கானவர்கள் எழுந்து பேசட்டும்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியமும் இல்லை. முடிவை அறிவிக்கும் முன் நடுவர் ஒவ்வொரு கவிதைக்கும் ஒரு நிமிடம் பேசவேண்டும்: எந்த அடி நின்றது, எது தளர்ந்தது என்று. கவிஞருக்கு ஒரு நிமிடம் மறுமொழி சொல்ல உரிமை வேண்டும். அரங்கில் யாருக்காவது மறுப்பு இருந்தால் அதையும் மேடையிலேயே கேட்கவேண்டும், இரவு வாட்ஸ்அப்புக்குத் தள்ளிவிடக் கூடாது. இருபது கவிதை என்றால் நாற்பது நிமிடம். வரவேற்புரையையும் பொன்னாடை வரிசையையும் சுருக்கினால் அந்த நேரம் தானாகக் கிடைக்கும். அறிவிப்பின் கடைசி வரியை அடித்துவிட்டு, நடுவர் காரணம் சொல்வார் என்று அச்சிடுங்கள். ஆடிச் சுவாதியில் சுந்தரர் குருபூசையை ஒட்டித் திருநாவலூரில் ஒரு மேடையை இப்படி நடத்திப் பார்க்கலாம். இதற்கு ஒப்பாதவரை, அவர் எவ்வளவு பெரிய கவிஞரானாலும், நடுவராக அழைக்க வேண்டாம்.