திருப்பித் தரும் வினைகளும் மறக்கப்பட்ட ஹார்ன்பியும்

ஆங்கிலம் கற்பிப்போர் நடுவே இப்போது ஒரு கருத்து செல்வாக்கோடு உலவுகிறது. வாக்கியச் சட்டகத்துக்கே பொருள் உண்டு, சட்டகத்தைப் பிடித்துக்கொண்டால் எந்த வினைச்சொல்லும் தானாக வந்து அதில் அமர்ந்துகொள்ளும் என்கிறார்கள். மொழியியலாளர் அடேல் கோல்ட்பெர்க் 1995இல் வெளியிட்ட ‘கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்’ நூலைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அது பெரிய நூல்தான். ஆனால் அதிலிருந்து இவர்கள் பிழிந்தெடுத்த சூத்திரம் தவறு. ஒன்றைத் திருப்பித் தருவதையும் மீட்டுத் தருவதையும் சொல்லும் ஆங்கில வினைகளின் சிறு கூட்டமே அதை உடைத்துவிடும்.

‘கிவ் மீ பேக் த புக்’ என்று கேட்கலாம். அதே சட்டகத்தில் ‘ரிட்டர்ன் மீ த புக்’ என்றால் காதில் இடறுகிறது. ‘ரிட்டர்ன் த புக் டு மீ’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘ரீஃபண்ட்’ என்ற வினையோ ஆளையும் பணத்தையும் அடுத்தடுத்து ஏற்றுக்கொள்கிறது. ‘ரீஇம்பர்ஸ்’ ஆளை முன்னால் நிறுத்தி, செலவை ‘ஃபார்’ போட்டுப் பின்னால் தள்ளுகிறது. ‘ரீபே’ கடனையும் செயப்படுபொருளாக்கும், கடன் கொடுத்தவரையும் ஆக்கும். இவற்றுள் வளமானது ‘ரீஸ்டோர்’. நிலத்தை உரியவருக்கு ‘ரீஸ்டோர்’ செய்யலாம். அரசனை அரியணைக்கு ‘ரீஸ்டோர்’ செய்யலாம். 1660இல் இரண்டாம் சார்லஸ் முடியேறிய காலத்துக்குப் பெயர் தந்த வினை இதுதான். முதல் வாக்கியத்தில் பொருள் ஆளிடம் போகிறது, இரண்டாவதில் ஆள் பொருளிடம் போகிறார். இரண்டிலும் சட்டகம் ஒன்றே, ‘டு’வும் ஒன்றே. எது எதனிடம் போகிறது என்பதைச் சட்டகம் சொல்லவில்லை. ‘டேக் பேக்’ இன்னொரு சிக்கல்: நூலகத்துக்குப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அதுதான், கொடுத்ததைப் பிடுங்கிக்கொள்வதும் அதுதான்.

பழைய இலக்கணங்கள் இதைக் கவனிக்கவே இல்லை. லிண்ட்லி மர்ரே 1795இல் எழுதியது முதல் நம் வீடுகளில் தாத்தா, அப்பா, பிள்ளை என்று கைமாறிய ரென் அண்ட் மார்ட்டின் வரை, எழுதிய வாக்கியத்தைக் கூறுபோடக் கற்றுத்தந்தன. அடுத்த வாக்கியத்தை எப்படி எழுதுவது என்ற கேள்விக்கு அவற்றிடம் பதில் குறைவு. இலக்கண அறிஞர் யெஸ்பெர்சன் 1909 முதல் 1949 வரை வெளிவந்த ஏழு தொகுதிகளில் கடல்போல் சான்றுகளைக் குவித்தார். அவை அறிஞருக்கானவை.

மாற்றம் டோக்கியோவில் தொடங்கியது. ஹரோல்ட் பால்மர் அங்கே 1923இல் ஆங்கிலக் கற்பித்தல் ஆய்வு நிறுவனத்தை அமைத்தார். மறு ஆண்டு ஜப்பானுக்கு ஆசிரியராக வந்த ஏ. எஸ். ஹார்ன்பி அவரோடு சேர்ந்துகொண்டார். 1936இல் பால்மர் நாடு திரும்பிய பின் ஆய்வைத் தோளில் சுமந்தார். கேட்டன்பி, வேக்ஃபீல்டு இருவரோடும் சேர்ந்து அவர் தொகுத்த அகராதி 1942இல், போரின் நடுவே, டோக்கியோவில் அச்சாயிற்று. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை உலகத்துக்குக் கொண்டுவந்தது. உலகெங்கும் மாணவர் மேசைகளில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதியின் மூலம் அதுவே.

ஹார்ன்பி 25 வினை அமைப்புகளை வகுத்தார். அதைவிட முக்கியம், ஒவ்வொரு வினைக்கும் எதெல்லாம் பொருந்தும் என்று சொல் சொல்லாகக் குறித்தது. பொருள் தெரிந்தால் பயன்பாடு தெரிந்துவிடும் என்று அவர் நம்பவில்லை. ஆங்கிலத்தை வெளியிலிருந்து அணுகுபவன் எங்கே தடுக்கி விழுவான் என்று வகுப்பறையில் நின்று பார்த்தவரின் பொறுமை அது. குறை இருந்தது: அமைப்பின் எண்ணைப் பார்த்து முன்பக்க அட்டவணைக்குப் புரட்ட வேண்டியிருந்தது, பல மாணவர்கள் புரட்டவில்லை. அந்தக் குறைக்காக அவருடைய முறையையே தள்ளியது அநியாயம்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1950களின் முடிவில் சென்னை மாநிலத்துத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு நடந்த பெரும் ஆங்கிலப் பயிற்சி வாக்கிய அமைப்புகளை ஊர் ஊராகக் கொண்டுசென்றது. சட்டகம் வந்தது, சொல்வாரியான விவரம் அதோடு வரவில்லை. பிள்ளைகள் ஒப்பித்தார்கள். அந்த வறட்சியைப் பார்த்து என். எஸ். பிரபு 1979இல் பெங்களூர்த் திட்டத்தைத் தொடங்கினார். பொருளில் மனம் ஊன்றினால் இலக்கணம் கூடவே வளரும் என்றார். ஆழமான சிந்தனையாளர் அவர். அவருக்குப் பின்னால் வந்தவர்கள்தான் அமைப்பு என்ற சொல்லையே தீண்டத்தகாததாக்கினார்கள்.

மொழியியலாளர்கள் வேறு பாதையில் போனார்கள். 1979இல் டௌட்டி ‘அகெய்ன்’ என்ற சொல்லிலும், 1996இல் ஃபான் ஸ்டெக்கோ அதன் ஜெர்மன் இணையான ‘வீடர்’ என்ற சொல்லிலும் ஒளிந்திருந்த மீட்புப் பொருளை அழகாக விரித்தார்கள். கட்டியதிலிருந்து திறந்தே இருந்த கதவு காற்றில் சாத்திக்கொள்கிறது. ஒருத்தி அதைத் திறக்கிறாள். ‘ஷி ஓபன்ட் த டோர் அகெய்ன்’ என்றால் பிழையில்லை. அவள் திறப்பது முதல்முறைதான், பழைய நிலைதான் மீண்டும் வருகிறது. ‘அகெய்ன்’ வாக்கியத்தின் தலைக்குப் போனால் அந்தப் பொருள் மறைந்து, செயல் மறுபடி நடந்ததாக மட்டுமே ஆகிறது. நுட்பமான கண்டுபிடிப்பு. ஸ்டீவன் பிங்கர் 1989இல், லத்தீன் வழி வந்த வினைகள் இரட்டைச் செயப்படுபொருளை மறுக்கும் போக்கை விளக்கினார். ‘ரிட்டர்ன்’ அப்படியே நடக்கிறது. ஆனால் ‘ரீஃபண்டு’ம் லத்தீன் வழிதான். பெத் லெவின் 1993இல் வினைகளை வகுத்தபோது ‘ரீஃபண்டை’க் ‘கிவ்’ கூட்டத்திலும், ‘ரிட்டர்னை’யும் ‘ரீஸ்டோரை’யும் ‘டு’ மட்டும் ஏற்கும் ‘கான்ட்ரிபியூட்’ கூட்டத்திலும் வைக்க நேர்ந்தது. கோல்ட்பெர்க்கும் தம் சட்டகத்துக்குள் குறுகிய வினைக்குழுக்கள் உண்டு என்று ஒப்புக்கொண்டவரே. அவர் பெயரைச் சொல்பவர்கள் அந்தப் பக்கங்களைத் தாண்டிவிடுகிறார்கள்.

ஹார்ன்பியின் விதை முளைத்த இடம் பர்மிங்ஹாம். ஜான் சின்க்ளேரின் தலைமையில் 1987இல் வந்த கோபில்ட் அகராதி, கணினியில் திரட்டிய உண்மையான வழக்கிலிருந்து எழுதப்பட்டது. 1996இல் ஃப்ரான்சிஸ், ஹன்ஸ்டன், மேனிங் மூவரும் வெளியிட்ட வினை அமைப்பு நூல், ஒவ்வொரு அமைப்பிலும் எந்தெந்த வினைகள் வருகின்றன என்பதைப் பொருள்வாரியாகக் குழு பிரித்துத் தந்தது. அமைப்புக்கும் பொருளுக்கும் உறவு உண்டென்று அவர்களும் சொன்னார்கள். ஆனால் பட்டியலைக் கைவிடவில்லை. அந்த நேர்மைக்காகவே இத்துறையில் வந்தவற்றுள் அதை முதலில் வைப்பேன்.

நம் பிள்ளைகளுக்கு வேண்டியது அந்த நூலின் வழியில் எழுதிய தமிழ்க் கையேடு. ‘எனக்குத் திருப்பித் தா’, ‘அவருக்குக் கடனை அடை’, ‘அவருக்கு உரிமையை மீட்டுக் கொடு’ எல்லாவற்றையும் தமிழில் ‘கு’ உருபு ஒன்றே தாங்குகிறது. பிள்ளை ஆங்கில வினைகளும் ஒரே மாதிரி நடக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆகவே ‘கிவ் பேக்’, ‘ரிட்டர்ன்’, ‘ரீஃபண்ட்’, ‘ரீபே’, ‘ரீஇம்பர்ஸ்’, ‘ரீஸ்டோர்’ ஆறையும் அகர வரிசையில் சிதறவிடாமல் ஒரே பக்கத்தில் வைக்க வேண்டும். வினையை அடுத்து ஆள் வருமா பொருள் வருமா, இடையில் ‘டு’வா ‘ஃபாரா’ என்று ஒவ்வொன்றுக்கும் எழுத வேண்டும். ‘கிவ் இட் பேக்’ உண்டு, ‘கிவ் பேக் இட்’ கிடையாது என்பதை அடியில் சேர்க்க வேண்டும். எண்களோ குறியீடுகளோ வேண்டாம், முழு வாக்கியங்கள் போதும். ஆறாம் வகுப்பிலிருந்தே இதைத் தொடங்கலாம்.