குகைக்குள் விநாயகரைத் தேடாதீர்கள்

அந்தமான் போய்வந்தேன் என்று யார் சொன்னாலும் நான் கேட்பது ஒன்றுதான்: "பாராடாங் போனீர்களா?" பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "விடியற்காலை மூணு மணிக்கே கிளம்பணுமாமே, அதான் விட்டுட்டோம்." விட்டுவிட்டு என்ன செய்தார்களாம்? ஹேவ்லாக் கடற்கரையில் மல்லாந்து கிடந்தார்கள். கடலுக்கடியில் பெருவிரலை உயர்த்தி ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். போனவர்கள் இன்னும் மோசம். "பெரிசா ஒண்ணுமில்லீங்க, வெறும் கல்லு." பாராடாங்கில் இருப்பது சுண்ணாம்புக்கல் குகை, அதில் கல் இல்லாமல் வேறு என்ன இருக்கும்?

எரிச்சலோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். போர்ட் பிளேயரிலிருந்து (அரசுக் காகிதங்களில் இப்போது ஸ்ரீ விஜயபுரம்) வடக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அங்கிருந்து வண்டிகளைக் கூட்டமாக, போலீஸ் பாதுகாப்போடு, குறித்த நேரங்களில் மட்டும் விடுவார்கள். பிறகு வண்டிகளையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றும் படகில் கடல் கால்வாயைத் தாண்டினால் பாராடாங் தீவு. நிலம்பூர் படகுத்துறையில் வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு, விசைப்படகில் அலையாத்திக் காட்டுக்குள் புகுந்து, நயாடேராவில் இறங்கி, காடும் வயலுமாக ஒன்றரை கிலோமீட்டர் போல நடை. அவ்வளவுதான் வழி.

வழியில் ஒன்றை மட்டும் நின்று சொல்ல வேண்டும். அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் போகிறது. வண்டியை நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. 2013-இல் சுற்றுலாப் பயணிகள் இந்தச் சாலையில் போகக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே சில வாரங்கள் தடை போட்டிருந்தது. "வழியில் ஜாரவாக்களைப் பார்க்கலாம் சார்" என்று சொல்லிப் பயணம் விற்கிறவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கடல்வழிப் படகு கிடைத்தால் அதிலேயே போங்கள். குகைக்காகப் போகிறவருக்குக் காட்டுச் சாலையில் பார்க்க ஒன்றும் கிடையாது.

இனி குகை. நிலவியல் பாடத்தை இரண்டு மூச்சில் முடித்துவிடலாம். கடலில் வாழ்ந்த சிப்பிகளும் பவளங்களும் செத்து அடுக்கிய சுண்ணாம்பு, நிலத்தட்டுகள் மோதியதில் மேலே தூக்கப்பட்டிருக்கிறது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது, அழுகும் இலையும் வேரும் வெளியிடும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு குகைக் கூரைக்கு வருகிறது. குகைக் காற்றில் அந்த வாயு குறைவு. ஆகவே மூடி திறந்த சோடாவைப் போல நீரிலிருந்து வாயு வெளியேறுகிறது. சுமையைத் தாங்கமுடியாமல் நீர் சுண்ணாம்பைக் கீழே வைத்துவிடுகிறது. மேலிருந்து தொங்கினால் கல்விழுது, தரையிலிருந்து எழுந்தால் கல்முளை, இரண்டும் சேர்ந்தால் தூண். "தண்ணீர் காய்ந்து படிந்தது" என்று சொல்கிற வழிகாட்டியை நம்பாதீர்கள். ஈரம் சொட்டும் குகையின் உட்பகுதியில் எது காய்கிறது? காய்ந்து படிவது, காற்று புகுந்து வரும் வாசல் பக்கத்தில்தான் கொஞ்சம் நடக்கும்.

இத்தனையும் பள்ளிப் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைத்தான் சொல்ல வந்தேன். கண்ணில் படும் ஒவ்வொரு பரப்பையும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதை நீர் கரைத்ததா, கட்டியதா?

கேட்கச் சின்னக் கேள்விதான், ஆனால் குகைக்கு வருபவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கட்டியதை மட்டுமே பார்க்கிறார்கள். விழுது, முளை, திரைச்சீலை மாதிரி மடிந்து தொங்கும் தகடு, இவைதான் படத்தில் அழகாக விழும். ஆனால் அவை தொங்குவதற்கு முதலில் ஒரு வெற்றிடம் வேண்டாமா? அந்த வெற்றிடம்தான் குகை. விழுதெல்லாம் பிறகு வந்த அலங்காரம். கல்யாண மண்டபத்தில் தோரணத்தை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவரை என்னவென்று சொல்வது?

கரைத்த பரப்பை எப்படி அடையாளம் காண்பது? அது மழுங்கி, குழிவாக, உள்வாங்கி இருக்கும். சில குகைகளின் சுவரில் வரிசை வரிசையாகச் சிறு குழிகள் தெரியும். ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் சரிவு. செங்குத்தான பக்கம் எந்தத் திசையில் இருக்கிறதோ அங்கிருந்துதான் நீர் வந்தது. குழி சின்னதாக இருந்தால் வேகமான ஓட்டம், பெரிதாக இருந்தால் மந்தமான ஓட்டம். ஆறு ஓடி முடிந்து எத்தனை ஆயிரம் ஆண்டுகள் ஆனாலும் அதன் திசையும் வேகமும் சுவரில் இருக்கின்றன. எந்த வழிகாட்டியாவது இதைக் காட்டியிருக்கிறாரா? கரைந்த சுவரில் சில இடங்களில் சிப்பியின் விளிம்போ பவளத்தின் துண்டோ துருத்திக்கொண்டு நிற்கும். சுற்றியுள்ள கல்லைவிட அது மெதுவாகக் கரைவதால் தப்பித்தது.

கட்டியதிலும் படிக்க வேண்டியவை உண்டு. கல்விழுது முதலில் உள்ளே துளையுள்ள மெல்லிய குழாயாகத்தான் பிறக்கிறது. அதன் பருமன் ஒரு நீர்த்துளியின் அளவு, ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். துளையடைத்த பிறகுதான் நீர் வெளிப்புறமாக வழிந்து அதைத் தடிக்கவைக்கும். கல்முளை பெரும்பாலும் விழுதைவிடத் தடிமனாக இருக்கும், விழும் துளி சிதறுவதால். அதன் தலை தட்டையாகவோ குழிந்தோ இருந்தால் துளி உயரத்திலிருந்து விழுகிறது என்று நிமிர்ந்து பார்க்காமலே சொல்லிவிடலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இடங்கள். நீர் கரைத்த சுவரின்மேல் அதே நீர் பின்னாளில் பாலாடை போல வழிந்து கட்டியிருக்கும். அப்படியானால் இந்த வழி ஒருகாலத்தில் நீர் நிரம்பி ஓடியது, பிறகு காலியானது. இதற்கு நேர்மாறானதும் உண்டு: நன்றாக வளர்ந்த ஒரு விழுதின் பக்கவாட்டை நீர் அரித்து, உள்ளிருக்கும் வளையங்கள் வெளியே தெரியும். கட்டிய நீருக்கே குணம் மாறி, கரைக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்படி ஒன்று கிடைத்தால் மற்ற எதையும் பார்க்காமல் அங்கேயே நின்றுவிடுவேன். கூட வந்தவர்கள் திட்டுவார்கள்.

கட்டியதற்குத்தான் அறிவியலிலும் மவுசு. பாராடாங் குகையின் கல்முளை ஒன்றின் அடுக்குகளில் ஆக்சிஜன் ஐசோடோப்புகளை (எடையில் மட்டும் வேறுபடும் அணு வகைகளை) அளந்து, ஏறத்தாழ 4,000 ஆண்டுகளின் பருவமழை ஏற்ற இறக்கத்தை அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் ஆர். ரமேஷ் உள்ளிட்ட குழு 2013-இல் வெளியிட்டது. மழை வலுத்தால் கனமான ஆக்சிஜன் குறையும், மழை மெலிந்தால் கூடும்; கல்முளை அதை அடுக்கடுக்காக வைத்திருக்கிறது. இதைத்தான் "வெறும் கல்லு" என்று சொல்லிவிட்டு எலுமிச்சைச் சாறு குடிக்கப் போகிறார்கள்.

சரி, எது மேலோட்டம் என்றும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, உருவம் தேடுவது. வழிகாட்டிகள் டார்ச்சை அடித்து "இது விநாயகர், இது யானைத் தும்பிக்கை, இது தாமரை" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாம் கேட்பதால்தான் காட்டுகிறார்கள். ஆனால் தும்பிக்கை என்று முடிவு கட்டிய அந்த நொடியோடு பார்வை நின்றுவிடுகிறது. இரண்டாவது, வண்ண விளக்கு. ஆந்திரத்தின் போரா குகையில் பச்சையும் ஊதாவும் அடித்து வைத்திருக்கிறார்கள். அதில் கல்லின் நிறமே தெரியாது. விடாமல் எரியும் விளக்கடியில் பாசி பிடித்துப் படிவமும் கெடும். பாராடாங்கில் விளக்கு போடவில்லை என்று புகார் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. மூன்றாவது, நீளக்கணக்கு. "மேகாலயாவில் 30 கிலோமீட்டர் குகையே இருக்கு, இதெல்லாம் ஒரு குகையா?" என்று பயண எழுத்தாளர்கள் சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். 30 கிலோமீட்டரையும் அவர்கள் தவழ்ந்து பார்த்தார்களா என்று கேளுங்கள்.

உங்களிடம் மட்டும் சில தந்திரங்கள் சொல்கிறேன். குழுவில் கடைசி ஆளாக நுழையுங்கள். முன்னால் போகிறவர்களின் செல்ஃபி முடிந்த பிறகு உங்களுக்குச் சுவர் கிடைக்கும். நல்ல டார்ச் உங்களுடையதாக இருக்கட்டும். அதை நேராக அடிக்காதீர்கள், சுவரோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தட்டையாகத் தெரிந்த கல்லில் குழியும் மேடும் எழுந்து வரும். கரைத்ததா கட்டியதா என்ற கேள்விக்குப் பாதி விடை அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில்தான் இருக்கிறது. கையை வைக்காதீர்கள். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் சுண்ணாம்பு மறுபடி சரியாகப் படியாது. ஆள்கை எட்டும் உயரத்தில் விழுதுகள் கறுத்துக் கிடப்பதையும், எட்டாத உயரத்தில் வெளுப்பாக மினுங்குவதையும் நீங்களே பார்க்கலாம்.

சிக்கல் நேரம்தான். திரும்பும் வண்டிக்கூட்டத்தைப் பிடிக்க வேண்டும் என்று படகுக்காரர் கால் மணி நேரத்தில் கிளப்பப் பார்ப்பார். அன்றைக்கே அதே தீவின் சேற்று எரிமலையும் பட்டியலில் இருக்கும். அதை விட்டுவிடுங்கள். அதன் ரசிகர்கள் என்னிடம் சண்டைக்கு வரட்டும். வேலி போட்ட மேட்டில் சேறு எப்போதாவது ஒரு குமிழி விடுவதைப் பார்க்க வெயிலில் ஏறி இறங்குகிற நேரம் குகைக்கு வேண்டும். இதை விடியற்காலை வண்டி ஏறும்போதே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள், படகுக்காரரிடம் துறையிலேயே பேசிவிடுங்கள். குகை வாசலில் போய்ப் பேசினால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.