ஃபிகரேஷன்: ஓவியத்திலும் இசையிலும்

ஃபிகரேஷன் என்னும் சொல் ஓவியத்தில் ஒன்றையும் மேற்கத்திய இசையில் வேறொன்றையும் குறிக்கிறது. மனிதர், விலங்கு, பொருள் என உலகில் காண்பவற்றை அடையாளம் தெரியும்படி தீட்டுவது ஓவியத்தில் ஃபிகரேஷன்; இதை உருவச் சித்திரிப்பு எனலாம். இசையில் அது ஒரு சிறு சுர அமைப்பைத் திரும்பத் திரும்பப் பின்னிச் செல்வது; சுரக்கோலம் என்பது பொருந்தும். முன்னதை வெறும் நகல் என்றும் பின்னதை வெறும் அலங்காரம் என்றும் ஒதுக்குவோர் உண்டு. இரண்டும் மேலோட்டமான தீர்ப்புகள்.

அமெரிக்க ஓவியர் பிலிப் கஸ்டன் 1950-களில் அருவ ஓவியராகப் பெயர் பெற்றவர். 1970-இல் நியூயார்க்கின் மார்ல்பரோ காட்சிக்கூடத்தில் அவர் வைத்த படங்களில் கு கிளக்ஸ் கிளான் முகமூடி அணிந்தவர்கள் சுருட்டுப் பிடித்தனர், காரில் ஊர் சுற்றினர். விமர்சகர் பலர் இதைப் பின்னடைவாகக் கண்டனர். ஆனால் 1969-இல் தீட்டிய 'ஸ்டுடியோ' படத்தில் முகமூடிக்காரர் தூரிகையுடன் தம்மையே வரைந்துகொண்டிருக்கிறார். அந்தக் கொடுமையில் ஓவியனுக்கும் பங்கு உண்டா என்று அது கேட்கிறது. வண்ணப் பூச்சுகளால் மட்டும் இக்கேள்வியைக் கேட்டிருக்க முடியாது. 2020-இல் அவரது பெருங்கண்காட்சியை நான்கு அருங்காட்சியகங்கள் தள்ளிவைத்தன; பார்வையாளர் தவறாகப் புரிந்துகொள்வர் என்ற தயக்கம் அது. அளவுக்கு மீறிய எச்சரிக்கைதான். ஆயினும், உருவத்துக்கு இன்னும் எவ்வளவு வலு இருக்கிறது என்பதை அதுவே காட்டிவிட்டது.

இசையில் சுரக்கோலம் துணைக்கருவியின் வேலையாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. பாக் எழுதிய சி மேஜர் பிரெலூட் (1722) ஏறக்குறைய முழுவதும் ஒரே கோலத்தால் ஆனது. பின்னாளில் கூனோ அதன்மேல் ஒரு மெட்டை ஏற்றினார். மெட்டு இனிமையானதே, ஆனால் மூலத்தில் ஏதோ குறை இருந்தது போன்ற எண்ணத்தையும் அது பரப்பிவிட்டது.

ஷூபர்ட் தமது 17-ஆம் வயதில், 1814-இல், கதேயின் 'ஃபாவுஸ்ட்' நாடகப் பகுதியொன்றுக்கு இசையமைத்த 'இராட்டையின் முன் கிரெட்சென்' பாடலில் இரு பொருள்களும் நெருங்கி வருகின்றன. பியானோவில் வலக்கை சுரங்கள் வட்டமிடுகின்றன. இடக்கையில் மிதிபலகையின் அசைவு கேட்கிறது. இராட்டையின் சித்திரம் என்று இதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் காதலனின் முத்தம் நினைவுக்கு வரும் இடத்தில் கோலம் சட்டென்று அறுந்து நிற்கிறது. பிறகு ஓரிரு முறை தயங்கி, திணறி, மீண்டும் சுழலத் தொடங்குகிறது. கை நின்றதற்குக் காரணம் மனம் என்பதை அப்போதுதான் கேட்பவர் உணர்கிறார். அதுவரை சுழன்றதில் அவளது அமைதியின்மையும் இருந்திருக்கிறது. இதைப் பாடும் குரல் சொல்வதில்லை, பியானோதான் சொல்கிறது. கதேயின் கவிதை முத்தத்தைப் பற்றிய ஏக்கத்தோடு முடிகிறது. ஷூபர்ட் அதற்குப் பின் தொடக்கச் சொற்களை மீண்டும் பாடவைத்து, இராட்டையை மெல்ல ஓயவிடுகிறார்.