கேட்டு வாங்கக்கூடிய ரகசியம்

கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலைக் கோயில் இணையத்தில் விற்கும் கட்டணச் சீட்டுக்கு ஆதார், மின்னஞ்சல், கைப்பேசி எண் மூன்றும் வேண்டும், கைப்பேசிக்கு ஓ.டி.பி. வரும். கிரிவலப் பாதை விடுதிகளுக்கு முன்பதிவுச் செயலி எழுத வரும் இளைஞர்களும் அந்த ஓ.டி.பி. முறையையே பிடித்துக்கொள்கிறார்கள். 'மக்களுக்குப் பழகியது, போதும்' என்பது அவர்கள் வாதம்.

கடவுச்சொல்லை நினைவில் வைக்க வேண்டாம், பட்டன் போனே போதும் என்பவை உண்மையான வசதிகள். ஆனால் ஓ.டி.பி. வாயால் சொல்லிவிடக்கூடிய ரகசியம். அதன் மற்ற நன்மைகளையெல்லாம் இந்த ஒரு குறை அடித்துவிடுகிறது.

போளூரிலிருந்தோ செங்கத்திலிருந்தோ வரும் பெரியவர் பெரும்பாலும் தானே பதிவு செய்வதில்லை. பிரவுசிங் சென்டரில் "நம்பர் வந்துச்சாய்யா? சொல்லுங்க" என்றதும் வாசித்துக் காட்டுகிறார். உள்ளே நுழைந்தது யார் என்று செயலிக்குத் தெரியாது. கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். கேட்டவரிடம் எண்ணைச் சொன்னால் காரியம் நடக்கும் என்ற பாடத்தைப் பெரியவர் கற்றுக்கொண்டார். நாளை 'பேங்க்ல இருந்து பேசறேன்' என்பவனிடமும் அதையே செய்வார். 'யாரிடமும் பகிராதீர்கள்' என்று குறுஞ்செய்தி எச்சரிக்கிறது. பகிர்ந்தால்தான் சீட்டு கிடைக்கிறது. இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்துவிட்டு எச்சரிக்கையும் அனுப்புவது, ஏமாந்தவர் தலையிலேயே பழியைக் கட்டும் வேலை.

விவரம் தெரிந்தவர்களும் தப்புவதில்லை. அவர்கள் போலித் தளத்தில் தட்டிய எண்ணை, அது காலாவதியாகும் முன்பே மோசடிக்காரர்கள் உண்மைத் தளத்தில் போட்டுவிடுகிறார்கள். இந்த ஏமாற்றைத் தடுக்கவே 2024-ல் சிங்கப்பூரின் பெரிய வங்கிகள், கைப்பேசியில் டிஜிட்டல் டோக்கன் (வங்கிச் செயலியிலேயே உறுதிசெய்யும் வசதி) வைத்திருப்பவர்களுக்கு நுழைவு ஓ.டி.பி.யை நிறுத்தப்போவதாக அறிவித்தன.

மாற்று இல்லாமல் இல்லை. கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கருவியிலேயே இருக்கும் மின்சாவியான பாஸ்கீதான் அது. அதற்கு அடிப்படையான வெப்ஆத்தன், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தரமாக 2019-லேயே ஆகிவிட்டது. கீகிளோக் போன்ற இலவச நுழைவு மென்பொருள்களிலேயே அது கிடைக்கிறது. பாஸ்கீ, பதிவான தளத்துக்கு மட்டுமே திறக்கும்; போலித் தளத்தில் செல்லாது. கைரேகை வைத்தால் வேலை முடிந்தது. வாசித்துக் காட்ட எண்ணே இல்லை.

பட்டன் போன்காரர் என்ன செய்வார் என்று கேட்பார்கள். இன்றும் அவருக்காக இன்னொருவர்தான் பதிவு செய்கிறார். அந்த உதவியைச் செயலி ஒப்புக்கொள்ளட்டும். கடைக்காரர் தன் பெயரில், தன் பாஸ்கீயால் நுழைந்து, பெரியவருக்காகச் சீட்டு எடுத்ததாகப் பதிவாகட்டும். தவறு நடந்தால் பொறுப்பு யாருடையது என்பதும் தெரியும்.

நுழைவுக்கான கருவியைத் தேர்ந்தெடுப்பவர் விலையையும் பழக்கத்தையும் பார்க்கும் முன் ஒன்றைப் பார்க்க வேண்டும்: முன்பின் தெரியாத ஒருவன் இந்த ரகசியத்தைப் போனில் கேட்டு வாங்க முடியுமா? முடியுமென்றால் அந்தக் கருவி வேண்டாம்.